இருபத்தெட்டில் நிற்கும் பால்

டிசம்பர் 16, திங்கள்

இது போன வருஷத்து டைரி. தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்தது, ஒரு பக்கம்கூட எழுதாமல் பரணில் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். புது டைரி வாங்கி எழுதுமளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் இன்று காலை பூங்கொடியின் பாலைத் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து கை ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் நான் பரிசோதகர். ஐந்து வருஷமாகத் தற்காலிகம். பங்குனிக்குள் நிரந்தரம் பண்ணிவிடலாம் என்று தலைவர் நாச்சிமுத்து அண்ணன் சொல்லியிருக்கிறார். குடுவையில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை விடுவேன். பால் கனமாக இருந்தால் கண்ணாடிக் குழாய் மேலே நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் அமிழும். இருபத்தாறுக்குக் குறைந்தால் எடுக்கக்கூடாது. கொழுப்பு பார்க்கிற மெஷின் ஆடியில் ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போனது, இன்னும் வரவில்லை. அதுவரை இந்தக் குழாய் சொல்வதுதான் தீர்ப்பு.

பூங்கொடி பாலுக்கு இருபத்தைந்து. போன வாரம்வரை இருபத்தெட்டு காட்டின பால். மாமியார் வீட்டோடு ஒத்துவராமல், அப்பன் சீராகக் கொடுத்த ஒரே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சங்கத்துக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். வந்து மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் தண்ணீர். தனியாக வந்தவளுக்குக் கஷ்டம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. கஷ்டம் எல்லோருக்கும்தான்.

எங்கள் வீட்டுப் பால் வழக்கம்போல் இருபத்தெட்டு.

வீட்டு வேலை: வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து கறப்பதற்குள் சாயந்தரம் சங்கம் மூடிவிடுகிறது. அந்தப் பால் விடியும்வரை குண்டாவில் நிற்கிறது. காலையில் மேலே கட்டின பாலேட்டை வழித்து வைத்தேன். குண்டாவில் ஒட்டினது வீணாகக்கூடாதென்று ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலசிக் கேனில் ஊற்றினேன். மெஷின் போனதிலிருந்துதான் இந்த வேலைக்கெல்லாம் நேரம் கிடைக்கிறது.

டிசம்பர் 17

பூங்கொடி: 25½. எடுக்கவில்லை. மூன்று தடவை ஆனால் எழுத்தில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

வரிசையில் எல்லோரும் பார்க்கத்தான் ஊற்றினேன். குழாய் இருபத்தைந்தில் நின்றது. பூங்கொடி குனிந்து பார்த்தாள்.

"நான் சொட்டுத் தண்ணி ஊத்தலீங்கக்கா. கறந்த சூடு ஆறுமுன்னே கொண்டாந்து நிக்கறேன். எங்க போயித் தண்ணி ஊத்தறது?"

"எனக்குத் தெரியாது பூங்கொடி. கண்ணாடி சொல்லுது."

பின்னால் நின்ற ராமாத்தாள், "எதிர் வீடுங்கறதால குழாயடி கிட்டத்துல இருக்குதோ என்னமோ" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று முறை ஆகிவிட்டது. பதிவேட்டில் எழுதித் தலைவருக்குத் தகவல் கொடுத்தேன். ஜனவரி இரண்டாம் தேதி நிர்வாகக் கூட்டம். அதில் பூங்கொடியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். அதுவரை பாலைக் கொண்டுவரலாம், இருபத்தாறுக்கு மேல் காட்டினால் எடுக்கலாம். காட்டப் போவதில்லை.

டிசம்பர் 21, சனி

நாலு நாள் ஏட்டைக் கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கினேன். சட்டியில் போட்டதும் இளகி, தெளிந்து, கருவேப்பிலை போட்டபோது பொரிந்தது. ஆறியதும் மார்கழிக் குளிருக்கு மணல் மணலாக உறைந்துவிட்டது. ஒரே பொருள்தான், சூடு பட்டால் ஓடுகிறது, குளிர்ந்தால் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பாட்டில் தலைவர் வீட்டுக்கு. மாதாமாதம் கொடுப்பதுதான். அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டு நெய் என்றால் உயிர்.

சாயந்தரம் பூங்கொடி சங்கத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்குக் காலைல மாட்டையே ஓட்டிட்டு வர்றேனுங்க. இந்த வாசல்லயே கறக்கறேன். எல்லாரும் பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் இது உண்டு. பாலில் பழி வந்தால் மாட்டைச் சங்கத்து வாசலில் கட்டி எல்லோர் கண்முன்னும் கறந்து காட்டுவது. கோயிலில் சத்தியம் செய்கிற மாதிரி. நான் வேலைக்கு வந்த பிறகு யாரும் செய்ததில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

விடிய ஆறரைக்கு மாட்டைக் கொண்டுவந்தாள். மயிலை நிற மாடு, சாது. வேப்பமரத்தில் கட்டினாள். முப்பது பேராவது இருந்தார்கள், பால் இல்லாதவர்கள்கூட. என்னுடைய பாத்திரத்தையே கேட்டாள். கழுவி, துடைத்து, கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். மடியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நுரை பொங்க ஒரு லிட்டர் கறந்ததும் அவள் எழுந்திருக்கும் முன்பே வாங்கிக் குடுவையில் ஊற்றினேன். குடுவை வெதுவெதுவென்று இருந்தது. குழாயை விட்டேன்.

இருபத்துநாலு.

முன்னைவிடக் குறைவு. நான் குழாயை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். அதே இருபத்துநாலு. ராமாத்தாள், "மாட்டுக்கே தண்ணியக் குடிக்க வெச்சு ஓட்டியாந்திருப்பா" என்றாள். மாடு குடிக்கிற தண்ணீர் மடி வழியாக அப்படியே வருமா? ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பூங்கொடி என்னைத்தான் பார்த்தாள். "என்ற மாடே பொய் சொல்லுதாக்கா?" என்று கேட்டாள். அழுகையாக இருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சந்தேகம் வந்து கேட்டாள். என் கண்ணெதிரே காம்பிலிருந்து இறங்கின பால் அது. பதிவேட்டில் 24 என்று எழுதினேன். கண்ணாடி அப்படித்தானே காட்டியது?

பால் எடுப்பு முடிந்து எட்டரைக்குப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். அவள் பால் இருந்த குடுவை ஜன்னலில் அப்படியே இருந்தது, குழாயும் உள்ளே; மற்றவர்கள் பாலுக்கு வேறு குழாயை எடுத்திருந்தேன். நுரை அடங்கியிருந்தது. குழாய் இருபத்தெட்டில் நின்றது.

நான் அதைத் தொடவே இல்லை.

டிசம்பர் 23

யாராவது குடுவையை மாற்றியிருக்க வேண்டும் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று வேண்டுமென்றே அவள் பாலில் ஒரு குடுவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வந்தபோது 25. அரை மணி கழித்து 26½. இரண்டு மணி நேரம் கழித்து 28. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டேன். கேன்களை இரண்டு தரம் கழுவினேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

லாக்டோமீட்டர் பெட்டியைத் தட்டிக் கவிழ்த்தேன். அடியில், உறை பிரிக்காமல் ஒரு தெர்மாமீட்டர். கண்ணாடிக் குழாயின் கழுத்தில் பொடி எழுத்தில் 27 சென்டிகிரேடு என்று போட்டிருக்கிறது. அந்தச் சூட்டில் பார்த்தால்தான் கணக்குச் சரி என்று அர்த்தம். ஈரோட்டில் பயிற்சி எடுத்தபோது சொல்லிக்கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டுச் சான்றிதழும் வாங்கினேன். ஐந்து வருஷத்தில் அந்தத் தெர்மாமீட்டரை ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. தேவைப்படவும் இல்லை. எல்லோரும் தோட்டம் காட்டிலிருந்து சைக்கிளிலும் வண்டியிலும் வருகிறவர்கள். சங்கம் சேர்வதற்குள் பால் ஆறிவிடும். பூங்கொடியும் தோட்டத்தில் இருந்தவரை அவள் கொழுந்தனார்தான் இரண்டு மைல் சைக்கிளில் கொண்டுவந்தார். அப்போது இருபத்தெட்டு. இப்போது தெருவைத் தாண்டினால் சங்கம். சுடச்சுடக் கொண்டுவருகிறாள்.

சூடாக இருந்தால் பால் விரிந்துகொள்கிறது, நுரையும் காற்றும் வேறு. அதே பால்தான், இடம் அதிகம் எடுத்துக்கொள்வதால் கனம் குறைகிறது. குழாய் அமிழ்கிறது. அதிலும் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்த அன்று இன்னும் சூடு. அவள் எவ்வளவுக்கு நேர்மையைக் காட்டினாளோ அவ்வளவுக்கு என் கண்ணாடி அவளைத் திருடி என்றது.

யாரிடமும் சொல்லவில்லை. தலைவர் பழனிக்குப் போயிருக்கிறார்.

டிசம்பர் 26

தலைவர் வந்துவிட்டார். அவருக்குப் பயணக் களைப்பு இருக்கும், நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மகள் கௌசிகா ஒன்பதாவது. விடுமுறை வேலை எழுதிக்கொண்டே கேட்டாள். "அம்மா, பாலாடை ஏன் மேல வந்து நிக்குது?"

"கெட்டியா இருக்கறதால."

"கெட்டியா இருந்தா அடியில தான போகோணும்?"

அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் கேள்வி பின்னாலேயே வந்தது. கடைந்த வெண்ணெயும் மோருக்கு மேலேதான் உருண்டையாக மிதக்கிறது. இத்தனை வருஷமும் கெட்டி என்றால் கனம் என்றே நினைத்திருந்தேன். ஏடுதான் பாலின் கனம், அதை வழித்த பிறகும் எங்கள் பால் இருபத்தெட்டு காட்டுகிறதென்றால் அது எங்கள் மாட்டின் தரம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். கொழுப்பு பாலைவிட லேசு. அதனால்தான் மேலே வருகிறது. லேசானதை வழித்து எடுத்தால் மிச்சம் இன்னும் கனமாகும்.

லாக்டோமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நேற்றுக் கறந்து ஆறின பாலைக் கலக்கிப் பார்த்தேன்: 28. மறுபடி ஏடு கட்டவிட்டு, அதை எடுத்த பிறகு: 30½. ஒரு சொம்புத் தண்ணீர் விட்ட பிறகு: 28.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. மாவு பொங்கி வழிகிறது.

டிசம்பர் 27

தலைவரைப் பார்த்தேன். வேறு விஷயம் பேசினோம்.

டிசம்பர் 29, ஞாயிறு

பூங்கொடி வீட்டு வாசலில் மாட்டுத் தரகர் நின்றார். வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார். பால் நீர்த்துப்போன மாடு என்று ஊரே சொல்லியாயிற்று, வளர்க்க யாரும் வாங்கமாட்டார்கள். அடிமாடாகக் கேரளா லாரிக்குத்தான் போகும். கூட்டம் முடிந்த மறுநாள் பிடித்துப் போவதாகப் பேச்சு.

அவர் போன பிறகு என்னிடம் வந்தாள். நான் கேன் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சங்கத்துல எடுக்காத பாலை வெச்சுட்டு என்னங்க பண்ணறது? அதுக்கும் சீக்கோ என்னமோ. ஒண்ணு கேக்கட்டுங்களாக்கா? உங்க பால் மட்டும் எப்படி எந்நேரமும் இருவத்தெட்டுலயே நிக்குது? என்ன தீனி போடறீங்க? இன்னம் நாலு நாள் இருக்குதல்ல, போட்டுப் பாக்கறேன்."

"பருத்திக்கொட்டை" என்றேன்.

தேய்த்த மூடியில் என் முகம் தெரிந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். சாயந்தரம் அவள் கடையிலிருந்து பருத்திக்கொட்டைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டிசம்பர் 31

தலைவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். "ரெண்டாந்தேதி அந்தப் புள்ள விசயத்த முடிச்சரலாம் வசந்தாமணி. உன்ற நிரந்தரத்தையும் அன்னிக்கே எழுதிப்போடலாம்" என்றார். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 2, வியாழன்

புது வருஷம் பிறந்துவிட்டது, பழைய டைரியில் நவம்பர் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. அதில் எழுதுகிறேன்.

காலை பால் எடுப்பு முடிந்ததும் எட்டு மணிக்குக் கூட்டம். நிர்வாகிகள் ஐந்து பேர். வேடிக்கை பார்க்க ராமாத்தாள் உட்பட வெளியே பத்துப் பேர். பூங்கொடியிடம், இன்றைக்கு மட்டும் ஏழே முக்காலுக்குக் கறந்து கொண்டுவா என்று நேற்றே சொல்லிவைத்தேன். ஏனென்று கேட்கவில்லை. கறந்து கொண்டுவந்தாள்.

ஒரே பாத்திரத்துப் பாலை இரண்டு குடுவையில் ஊற்றினேன். இரண்டிலும் 24½. தெர்மாமீட்டர் 35 காட்டியது. ஒரு குடுவையைக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் இறக்கினேன். இன்னொன்றை மேசையில் வைத்தேன்.

"இதென்னம்மா பள்ளிக்கூடமா?" என்றார் தலைவர்.

"அரை மணி நேரம் உக்காருங்கண்ணா. பன்னண்டு வருசத்து மெம்பர நீக்கறதுக்கு அரை மணி பெருசில்லீங்க."

உட்கார்ந்தார்கள். டீ வந்தது. வாளியில் இருந்த குடுவையை எடுத்துத் துடைத்துத் தெர்மாமீட்டரை விட்டேன், இருபத்தேழு. குழாயை விட்டேன். இருபத்தேழரை. மேசையில் இருந்தது இன்னும் இருபத்தாறைத் தொடவில்லை. தலைவர் எழுந்து வந்து தானே விட்டுப் பார்த்தார். பாலில் தப்பில்லை, சூட்டில்தான் வித்தியாசம், பார்க்கத் தெரியாமல் பார்த்தது என் தப்பு என்று சொன்னேன். தீர்மானம் எழுதவில்லை. பூங்கொடி பெயர் இருக்கிறது. மாடு லாரிக்குப் போகாது.

பூங்கொடி எல்லோர் முன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வசந்தாமணியக்கா மனசும் அவங்க வூட்டுப் பால் மாதிரி" என்றாள். ராமாத்தாள்கூட ஆமாம் என்றாள்.

மேசைக்கு அடியில் மூன்றாவதாக ஒரு குடுவை வைத்திருந்தேன், எங்கள் வீட்டுப் பால். அதை எடுக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சாக்கடையில் ஊற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும் என்று தோன்றியது.

ஜனவரி 3, வெள்ளி

இன்றோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். பொங்கலுக்கு நெய் வேண்டும், அதனால் கடைசியாக ஒரே ஒரு தடவை.

ஐந்தரை மணி. ஏட்டை வழித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, குண்டாவை அலசிக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. பூங்கொடி வெல்லம் போட்ட கச்சாயப் பலகாரம் சுட்டுத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள்.

கிண்ணத்தைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள். என் கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள். நேற்று அரை மணி நேரம் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கவனித்தவள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கச்சாயம் சூடா இருக்குதுங்க" என்று சொல்லிப் போசியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

நாள் முழுக்கக் காத்திருந்தேன். காலையில் வரிசையில் நின்றாள், சொல்லவில்லை. சாயந்தரம் நின்றாள், சொல்லவில்லை. ராமாத்தாள் அவளோடு பேசிச் சிரித்தபோதெல்லாம் என் பெயர் அடிபடுகிறதா என்று காது கொடுத்தேன். தண்ணிக்காரி என்று பதினைந்து நாள் பெயர் சுமந்தவள், அந்தப் பெயரை என்மேல் இறக்கிவைக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவள் வைத்துக்கொண்டே இருக்கிறாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

கச்சாயத்தை யாரும் தொடவில்லை. இறுகிவிட்டது.

ஜனவரி 4, சனி

ஏழு மணி, வரிசை நிறைய ஆள். எங்கள் கேனை நானே கடைசியில் அளப்பது வழக்கம். இன்று முதலில் எடுத்தேன். வழக்கம்போலவே ஏடெடுத்து, வழக்கம்போலவே தண்ணீர் விட்டுக் கொண்டுவந்திருந்தேன், வேண்டுமென்றே. குழாயை விட்டேன். இருபத்தெட்டு.

"எல்லாரும் பாத்துக்குங்க. இது ஏடெடுத்துப்போட்டுத் தண்ணி ஊத்தின பால். மெஷின் போனதிலிருந்து இப்படித்தான் ஊத்தறேன். கண்ணாடிக்கு இது தெரியாது" என்றேன்.

கேனைத் தூக்கி ஒதுக்கி வைத்தேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேராக, எடுக்கவில்லை என்று எழுதினேன். என் பெயருக்கு நேராக அப்படி எழுதினது இதுதான் முதல் தடவை. எழுத்துக் கோணலாக விழுந்தது.

ராமாத்தாள்தான் திட்ட ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொருவராக. தலைவர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், மாதாமாதம் வந்த நெய் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்து திரும்பிப் போய்விட்டார். நிரந்தரம் பேச்சை இனி யாரும் எடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் காலையிலிருந்து பேசவில்லை. எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

பூங்கொடி தன் முறை வரும்வரை நின்றாள். பாலை ஊற்றினாள். வாளித் தண்ணீரில் தானே குடுவையை இறக்கினாள். பிறகு எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"நாளைக்கு உங்க மாட்ட இங்க ஓட்டியாந்து கட்டுங்கக்கா. வாசல்லயே கறக்கலாம். அப்புறம் ஆரும் பேசமாட்டாங்க."

ஜனவரி 5, ஞாயிறு

எங்கள் செவலை மாட்டின் கயிற்றைப் பிடித்துத் தெரு நெடுக நடத்திக்கொண்டு போனேன். எல்லா வாசலிலும் ஆள். வேப்பமரத்தில் கட்டினேன். உட்கார்ந்தேன், என் கை பட்டதும் மாடு காலை உதறியது. பூங்கொடி வந்து, நகருங்கக்கா என்று என்னை எழுப்பிவிட்டுத் தானே மடியைக் கழுவிக் கறந்தாள்.

குடுவையை வாளியில் வைத்தோம். அரை மணி நேரம். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. நானும் அவளும் வாளிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தோம். தெர்மாமீட்டரை அவள்தான் பிடித்திருந்தாள், இறங்குகிற டிகிரியை எண்ணுகிற மாதிரி உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இருவத்தேழு" என்றாள். குழாயை விட்டேன்.

இருபத்தெட்டு. ஏட்டோடு.